தூண்டிலைக் கொடுத்தால் போதுமா, ஏரியையும் கொடுக்க வேண்டாமா?

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை காபியை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு வாரக் கடைசியில் ஏரிக்குத் தூண்டில் போடப் போகிறாராம். அங்கே கிராப்பி என்று ஒரு மீன். நம்ம ஊர் சிலேபி அளவுக்குத் தட்டையாக இருக்கும். வசந்த காலத்தில் முட்டையிடக் கரையோரம் வருமாம். வாய் காகிதம் மாதிரி மெல்லிசு, வேகமாக இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். அதனால் பிள்ளைகளுக்கு நிதானம் பழக்க நல்ல மீன் என்றார். கடைசியில், "சார், இந்த ஆசை எனக்கு உங்களால வந்தது. உங்களுக்கு யாரால வந்தது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். கூடவே, ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒத்துப்போகாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வகுப்பிலேயே கேள்வி கேட்கச் சொன்னவன்தானே நான்.

எனக்கு வந்தது என் தாய்மாமனால். அவர் பிள்ளையார்பாளையத்தில் கூலித்தறி நெய்தவர். நெசவாளி வீட்டுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சம்பந்தம் மழைதான். மழை பிடித்துக்கொண்டால் குழித்தறியில் கால் வைக்கிற குழிக்குள் ஈரம் ஏறும். தெருவில் பாவு விரிக்க முடியாது. தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலி நின்றுவிடும். அதே ஐப்பசி மழையில்தான் ஏரி நிரம்பும், கலங்கல் வழியும், வழிகிற தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். கையில் காசு இல்லாத நாளில் ஏரியில் மீன் இருந்தது. நெசவாளி ஏரிக்குப் போனது பொழுதுபோக்குக்கு அல்ல, குழம்புக்கு. பொழுதுபோக்கு பிறகு தானாக ஒட்டிக்கொண்டது.

மாமா எனக்கு எதையும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. சைக்கிள் முன்கம்பியில் ஏற்றிக்கொண்டு போவார். செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றுப் பள்ளங்களில் தண்ணீர் நின்றால் அங்கே. இல்லையென்றால் ஏதாவது ஓர் ஏரிக்கரை. நைலான் நரம்பு கடையில் கிடைத்தது, ஆனால் வாங்கக் காசு வேண்டுமே. பாவில் அறுந்த துண்டுப் பட்டிழைகளைச் சேர்த்து வைத்து முறுக்குவார். பட்டு நனைந்தால் வலு கொஞ்சம் குறையும் என்பது நெய்கிறவருக்குத் தெரியும். அதனால் தேன்மெழுகு தேய்ப்பார். மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் தக்கை, சின்னதாக ஓர் ஈயத்துண்டு, முள். முள் ஒன்றுக்குத்தான் காசு.

அவர் வாயிலிருந்து பாடம் என்று வந்தது இரண்டே வாக்கியம். "தக்கை ஆடினா மீன் மோந்து பாக்குதுடா. தக்கை உள்ள போனாத்தான் தின்னுது." இதற்கு மேல் அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. ஆடியதற்கும் உள்ளே போனதற்கும் உள்ள வித்தியாசம் என் மணிக்கட்டுக்குப் புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. அதற்குள் எத்தனை கெண்டை இரையை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும்! மாமா ஒருநாளும் கழியை என் கையிலிருந்து பிடுங்கியதில்லை. அதுதான் அவர் எனக்குச் செய்த உபகாரம்.

இந்த ஆசை நம்ம ஊருக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று படித்திருப்பீர்கள். 500 அடி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், இதே காஞ்சியை ஆண்டவன். அதில் தூண்டில் போடும் காட்சி ஒன்று வருகிறது. நீண்ட மூங்கில் கழி, அதில் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள், முள்ளை மூடிய இரை. வாளை மீன் இரையைக் கவ்விவிட்டுத் தப்பித்துப் போய்விடுகிறது. தப்பிய மீன் அதன்பிறகு கரையோரத்துப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினால்கூட, அதுவும் தூண்டில்தானோ என்று நடுங்குகிறதாம். பலமுறை கரையில் உட்கார்ந்து மீனைத் தவறவிட்ட யாரோ ஒருவர் பார்த்த காட்சி அது. அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்தால் அந்த நிழல் வராது.

தமிழாசிரியர் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பகுதியை நானாகப் படித்தபோது எனக்குப் பாட்டாகத் தெரியவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை நடந்த விஷயமாகத் தெரிந்தது. நம்ம வாலாஜாபாத் பக்கத்துத் தென்னேரிக்குப் பழைய பெயர் திரையனேரி என்றும், அந்த இளந்திரையன் பெயரால் வந்தது என்றும் சொல்வார்கள். அந்தக் கரையில் நின்று தூண்டில் போட்டவர்கள் உங்களில் பத்துப் பேராவது இருப்பீர்கள். எவ்வளவு பழைய வரிசையில் நின்றோம் என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான். ஐசக் வால்டன் என்று ஒருவர் 1653-இல் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் போட்டார். இன்றுவரை அச்சில் இருக்கிறது. அவர் தொழில் லண்டனில் துணி வியாபாரம். ஜவுளிக்கும் தூண்டிலுக்கும் ராசி போலிருக்கிறது! அந்தப் புத்தகமே ஒரு தூண்டில்காரர் இன்னொருவருக்கு நடந்துகொண்டே சொல்லித் தருகிற உரையாடல்தான். இப்படி ஒரு பழக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு, கூட ஒருவரை நடக்கவிடாமல் எழுத முடியவில்லை.

இங்கேதான் என் கருத்தைச் சொல்கிறேன். தூண்டில் ஆசை பிள்ளைக்கு வர மூன்று வேண்டும். அவசரப்படாத பெரியவர் ஒருவர். வெட்டிப் பொழுது கொஞ்சம். நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் உயிரோடு இருக்கும் நீர்நிலை ஒன்று. இதில் எது குறைந்தாலும் ஆசை வராது. விலை உயர்ந்த தூண்டில் செட் வாங்கிக் கொடுத்தாலும் வராது, யூடியூபில் நூறு வீடியோ பார்த்தாலும் வராது. இன்றைக்கு நாம் பிள்ளைகளுக்கு மூன்றையும் மறுக்கிறோம். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஏரி, குளம் பத்தி அக்கறையே இல்லை" என்று புலம்புகிறோம். கண்ணால் பார்க்காத ஏரிமேல் அக்கறை எங்கிருந்து வரும்?

இந்த மூன்றில் வெட்டிப் பொழுதைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம ஊருக்கு அதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. கோர்வைச் சேலை நெய்யப் பக்கத்தில் ஒரு துணைக்கை வேண்டும். பல காலம் அந்தக் கை பிள்ளைகளின் கையாக இருந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1990-களில்கூட, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். வீடு வீடாகப் போய் அவர்களைப் பள்ளிக்குத் திரும்ப அழைத்த ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

அப்படி வந்தவர்களில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். மூன்று வருடம் தறியில் இருந்தவன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுவான். வகுப்பில் தலையே தூக்கமாட்டான். வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருந்த ஏரியை அவன் பார்த்ததே இல்லை என்று ஒருநாள் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் இன்னும் ஐந்து பையன்களையும் அழைத்துக்கொண்டு போனேன். முள்ளில் நரம்பு கட்டும் முடிச்சு சுலபமில்லை, உங்களுக்கே தெரியும். மற்ற பையன்கள் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு இருந்தார்கள். அவன் ஒருமுறை பார்த்தான். அடுத்த நிமிடம் கட்டிக் காட்டினான். அறுந்த பட்டிழையை ஆயிரம் முறை முடிந்த விரல் அல்லவா! அன்றைக்கு ஐந்து பேரும் தங்கள் முள்ளை அவனிடம் நீட்டி, "எனக்கும் கட்டிக் குடுடா" என்று வரிசையில் நின்றார்கள். அவன் தலை தூக்கியதை நான் முதல்முறை பார்த்தது அங்கேதான். படிப்பில் அவன் பெரிய புள்ளி ஆகவில்லை. ஆனால் பத்தாவது முடித்தான். இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போகிறார். இதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளைகளின் பொழுதைத் தறி தின்றது. இன்றைய பிள்ளைகளின் பொழுதை டியூஷனும் கைபேசியும் தின்கின்றன. இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். அது கொடுமை, இது வசதியில் வந்த வினை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒன்றும் செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கழிக்கும் உரிமை இரண்டு தலைமுறைக்குமே கிடைக்கவில்லை.

இனி, வழக்கமாக வரும் மூன்று ஆட்சேபங்கள்.

முதலாவது, தாய்மார்கள் சொல்வது: "ஏரியில பிள்ளை விழுந்துட்டா என்ன சார் பண்றது?" இதைச் சிரித்துக் கடந்துபோக எனக்கு மனமில்லை. நியாயமான பயம். முன்பு ஏரி கரையிலிருந்து படிப்படியாக ஆழமாகும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று காலுக்கே தெரியும். இப்போது பல ஏரிகளில் சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டடித் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்தில் இருப்பான். மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும். ஒவ்வொரு விடுமுறைக்கும் இப்படி ஒரு செய்தியாவது பேப்பரில் வருகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது என்றால், இது உலகம் முழுக்க உள்ள துயரம் என்றுதானே அர்த்தம்.

ஆனால் அதற்குப் பதில் ஏரியைப் பிள்ளையிடமிருந்து மறைப்பது அல்ல. மறைத்தால் பதினான்கு வயதில் நண்பர்களோடு, உங்களுக்குத் தெரியாமல், நீச்சல் தெரியாமல் போவான். ஆபத்து அங்கேதான். என் ஒழுங்கு இது: நீச்சல் முதலில், தூண்டில் பிறகு. நீச்சல் வரும்வரை கரையைவிட்டு இறங்கக்கூடாது. பெரியவர் இல்லாமல் போகக்கூடாது. காற்றடைத்த டியூப் ஒன்று, கயிறு ஒன்று எப்போதும் பக்கத்தில். மண் எடுத்த ஏரியா என்று ஊர்க்காரரைக் கேட்காமல் கழியைப் பிரிக்கக்கூடாது. என்னோடு வந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு மனப்பாடம்.

இரண்டாவது, உயிரைக் கொல்வது பாவம் அல்லவா என்பது. காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் இருக்கும் ஊர் இது. சர்வதீர்த்தக் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயில் குளத்து மீனைப் பிடிக்க நம் யாருக்கும் கை வராது. புரட்டாசி முழுக்க மீன் சட்டியையே பரணில் ஏற்றிவிடுகிறோம். சைவமாக இருப்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை, மரியாதைதான் இருக்கிறது. ஆனால் மீன் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்கு, அது கடையில் துண்டாகப் பிறக்கவில்லை, ஒரு தண்ணீரில் உயிரோடு இருந்தது என்று தெரிவது நல்லது. தன் கையால் பிடித்த பிள்ளை தட்டில் மீனை மிச்சம் வைக்காது. இதை என் பேரப்பிள்ளைகளிடம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கரையில் கற்கிற இரக்கம் ஒன்று உண்டு. விரால் குஞ்சுகள் சிவப்பாக, கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். அடியில் பெற்றவை காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் தவளைக் குஞ்சைக் கட்டிப் போட்டால், குஞ்சைக் காக்கிற கோபத்தில் தாயோ தகப்பனோ பாய்ந்து கவ்வும். மிகச் சுலபமான வேட்டை. மாமா அதைச் செய்யவே மாட்டார். "அது திங்க வரலடா, புள்ளையக் காப்பாத்த வருது" என்பார். அந்தப் பெரிய விரால் போனால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்கு இரை. சினை பெருத்த மீன் வந்தாலும் விட்டுவிடுவார். நான் விலங்கியலில் படித்த இனப்பெருக்கப் பாடத்தைவிட இது ஆழமாகப் பதிந்தது. என் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

மூன்றாவது, "மார்க் போயிடும் சார்." வாரத்தில் அரை நாள் ஏரியில் உட்கார்ந்ததால் மார்க் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. செவுள் எங்கே இருக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று மீனைப் பிளந்து பார்த்த பிள்ளைகள் அந்தக் கேள்வியைப் பரீட்சையில் விட்டதும் இல்லை. சிலேபி தன் முட்டையை வாயில் வைத்தே பொரிக்கும் என்பதை ஒரு பையன் கண்டுபிடித்துக்கொண்டு வந்து வகுப்பில் சொன்னான். அந்தச் சிலேபி நம் நாட்டுக்கே 1952-இல்தான் வந்தது என்று நான் சொன்னபோது, அப்படியானால் அதற்கு முன்னால் இந்த ஏரியில் என்னென்ன மீன் இருந்தது என்று கேட்டான். அதைவிட நல்ல கேள்வி எந்த வினாத்தாளிலும் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. அயிரை, குரவை, உளுவை என்று நான் சிறுவயதில் பிடித்த சின்ன மீன்களைப் பல ஏரிகளில் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் தூண்டிலில் பத்துக்கு எட்டு சிலேபி. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க மத்திய அரசு 2000-இலேயே தடை விதித்தது. அது கிடைத்தால் மட்டும் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள், மற்ற மீனை விழுங்கி ஏரியையே காலி செய்துவிடும். கட்லாவும் ரோகுவும் தேங்கிய தண்ணீரில் தானாக முட்டையிடாது. ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறையை ஹீராலால் சௌத்ரி 1957-இல் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதனால்தான் இன்று ஒவ்வொரு வருடமும் பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி ஏரியில் விடுகிறார்கள்.

குஞ்சு விடுவது யார்? மீன்பாசி ஏலம் எடுத்தவர். அவர் பிழைப்பு அது. காசு கட்டியவர் பிள்ளைகளைக் கரையில் கண்டதும் விரட்டுகிறார் என்றால், அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது. நம் முன்னோர் இதை வேறு மாதிரி செய்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லாரும் குடவோலைக்காகப் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. அதில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு, ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஊர் தேர்ந்தெடுத்த ஆட்கள்! ஏரி மீனில் வந்த வருமானத்தை அந்த ஏரியைத் தூர்வாரவே ஒதுக்கிய செய்தியும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. மீனைத் தின்கிறவன் ஏரிக்குக் கடன்பட்டவன் என்பது அன்றைய கணக்கு.

அமெரிக்காவிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. டிங்கல்-ஜான்சன் சட்டம் என்று 1950-இல் கொண்டுவந்தார்கள். தூண்டில் சாமான்களுக்கு ஒரு வரி. அந்தப் பணம் மீன்வளத்தைக் காக்க மாநிலங்களுக்குப் போகும். பெரியவர்கள் உரிமம் வாங்க வேண்டும், ஒருநாளைக்கு இத்தனை மீன்தான் என்று வரம்பும் உண்டு. ஆனால் பல மாநிலங்களில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உரிமமே வேண்டாம். ஏன்? இன்று தூண்டில் போடும் பிள்ளைதான் நாளைக்கு அந்த ஏரிக்காகக் கேள்வி கேட்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கேயும் தென் மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். ஊர் முழுக்க, பெண்கள், பிள்ளைகள் உட்பட, ஊத்தாவும் வலையுமாக இறங்கிவிடும். காசில்லை, ஏலமில்லை. அந்த ஒருநாளில் பிள்ளைக்குக் கண்மாய் தன்னுடையது என்று புரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. செங்கல்பட்டு பிரிவதற்கு முன் நம் மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இத்தனையையும் அரசாங்கம் மட்டும் காவல் காக்க முடியாது. ஒவ்வொரு கரையிலும் அந்தத் தண்ணீரின் நிறம் மாறினால் கவனிக்கிற நாலு கண் வேண்டும். சாயத் தண்ணீர் கலந்தால் முதலில் கண்டுபிடிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? மேசையில் இருக்கிற அதிகாரி அல்ல. தினம் அதே இடத்தில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன். வேகவதி நம் கண்ணெதிரே சாக்கடை ஆனதற்குக் காரணம் பல இருக்கலாம். அதன் கரையில் உட்கார்ந்திருக்க நமக்குக் காரணம் இல்லாமல் போனதும் அதில் ஒன்று என்பது என் எண்ணம்.

அதனால் சில வேண்டுகோள்கள்.

ஊராட்சிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களே, மீன்பாசி ஏலம் விடும்போது ஒரு சின்ன நிபந்தனை சேர்க்கப் பாருங்கள். ஆழம் குறைந்த, மண் எடுக்காத ஒரு பக்கக் கரையில், பெரியவரோடு வரும் பிள்ளைகள் ஒற்றைத் தூண்டில் போடலாம் என்று. வலை கூடாது, விற்கக் கூடாது. ஏலதாரருக்கு அதில் குறையப்போவது கொஞ்சம்தான். ஏலப் பணத்தில் ஒரு பங்காவது அந்த ஏரிக்கே செலவாகிறதா என்றும் பாருங்கள்.

வெடி வைத்தோ மருந்து கலந்தோ மீன் பிடிப்பவர்களைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே அதைக் குற்றம் என்கிறது. அவர்கள் ஒரு மணி நேரத்தில் பத்து வருட மீனை முடித்துவிடுவார்கள்.

அப்பா, தாத்தா, மாமா, அத்தை, சித்தப்பாக்களே, இந்த மழைக்காலத்தில் ஒரே ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், பொறுமை அவர்களுக்குத்தான் அதிகம். முதல்நாள் மீன் கிடைக்காவிட்டால் கடையில் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யாதீர்கள், வெறுங்கையோடு வீட்டுக்கு வரட்டும். தக்கை உள்ளே போகும்போது, "இழு, இழு" என்று கத்தாதீர்கள். கழியைப் பிடுங்காதீர்கள். தவறவிடட்டும். தவறவிட்ட மீன்தான் பிள்ளையை அடுத்த வாரமும் கரைக்கு இழுத்து வரும். தேளி மாட்டினால் மட்டும் நீங்கள் கழற்றுங்கள், அதன் முள் குத்தினால் பெரியவர்களுக்கே தாங்காது.

வீட்டுக்குத் தேவையான மீனோடு எழுந்துவிடுங்கள். கிளம்பும்போது அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொக்கின் காலில் நைலான் சுற்றிக்கொண்டால் அது சாகிறவரை அவிழாது.

மாமா காலமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் எனக்குத் தறி தரவில்லை, காணி நிலம் தரவில்லை. தந்தது ஆசை ஒன்றுதான். அது செலவே ஆகாமல் நாலு தலைமுறைக்குப் போகக்கூடியது, ஏரி இருக்கும்வரை. ஆசையைக் கொடுக்க நாம் இருக்கிறோம். ஏரியையும் சேர்த்துக் கொடுப்போமா என்பதுதான் கேள்வி.

உங்களுக்குத் தூண்டிலை யார் கையில் கொடுத்தார், எந்த ஏரியில், முதல் மீன் எது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், பதிலும் போடுவேன். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போலத் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்
காஞ்சிபுரம்